ஒரு வீட்டுக்கு ஒரு சைக்கிள்

எனக்குச் சர்க்கரை வியாதி கிடையாது. சக்கர வியாதிதான். முன்னதற்கு மாத்திரை உண்டு. பின்னதற்கு மனைவிதான் உண்டு.

என் மனைவி பெய்-யுன் தபால் நிலையத்தில் பார்சல் வாங்கும் கவுண்டரில் இருக்கிறாள். எங்கள் குடும்பத்தில் சட்டம் போடுவதும் அவள்தான். அதிகம் போடமாட்டாள். ஒன்றே ஒன்றுதான் போட்டிருக்கிறாள்.

"வீட்டுக்குள்ள ஒரு சைக்கிள்தான். இன்னொண்ணு உள்ள வந்துச்சுன்னா, நீங்க வெளிய."

அவளையும் குறை சொல்ல முடியாது. நாலாவது மாடி வீடு. பால்கனியில் துணி துவைக்கும் இயந்திரம், துணி காயப்போடும் கம்பி, என் சைக்கிள். இவ்வளவும் போக மிச்சம் இருக்கும் இடத்தில் ஒரு மனிதன் ஒற்றைக் காலில் நிற்கலாம். அவள் திட்டும்போது நான் நிற்பது அங்கேதான்.

ஆனால் என் பக்கத்து நியாயத்தையும் கேளுங்கள். தைவானில் எங்கள் தைச்சுங் நகரில் தடுக்கி விழுந்தால் சைக்கிள் சாமான் செய்யும் பட்டறைக்குள்தான் விழ வேண்டும். இந்த ஊரில் இருந்துகொண்டு ஒரே சைக்கிளோடு காலம் தள்ளு என்பது, பூனையைக் கருவாட்டுக் கடையில் கட்டிப்போட்டுவிட்டு விரதம் இரு என்பதற்குச் சமம்.

ஆகவே ஒரு சபதம் எடுத்தேன். இரண்டாவது சைக்கிள் வரக்கூடாது என்பதுதானே சட்டம்? முதல் சைக்கிள் மாறக்கூடாது என்று எங்கே இருக்கிறது? இருக்கிற சைக்கிளையே, துண்டு துண்டாக, அவள் கண்ணுக்குத் தெரியாமல், புதுச் சைக்கிள் ஆக்கிக்காட்டுகிறேன் பார்!

இதற்கு நான் வகுத்த திட்டத்தின் பெயர் கறுப்புக் கொள்கை. பழைய கைப்பிடி கறுப்பா? புதியதும் கறுப்பு. பழைய இருக்கை கறுப்பா? புதியதும் கறுப்பு. ஸ்டிக்கர் இருந்தால் உரித்துவிடுவேன். விலை உயர்ந்த சாமானை வாங்கி, அது மட்டமான சாமான் மாதிரி தெரிவதற்குப் பாடுபட்ட ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

பார்சல் தபாலில் வந்தால் நேரே அவள் கைக்கே போய்விடும். அதனால் எல்லாவற்றையும் தெருமுனைக் கடைக்கு வரவழைத்து, குடைக்குள் மறைத்து எடுத்துவருவேன். மழை இல்லாத நாளிலும் குடையோடு போகிறவன் என்று தெருவில் எனக்கு நல்ல பெயர்.

ஒரே ஒரு முறை மாட்டிக்கொண்டேன். புது பெடலைத் துடைத்துக்கொண்டிருந்தபோது பின்னால் வந்து நின்றாள்.

"இது ஏது?"

"ஆபீஸ் வருஷக் கடைசி விருந்துல குலுக்கல்ல விழுந்துச்சு."

"இது ஜூலை மாசங்க."

"அது... இந்த வருஷம் சீக்கிரமே வெச்சுட்டாங்க."

"போன வருஷம் விழுந்த பரிசு?"

"அது செயின்."

"பக்கத்து வீட்டுக்காரருக்கு டிவி விழுந்துச்சு. எதிர்வீட்டம்மாவுக்கு அரிசி குக்கர் விழுந்துச்சு. உங்களுக்கு மட்டும் எப்படிங்க செயினும் பெடலுமா விழுது?"

"நம்ம ராசி அப்படி!"

அவள் வாளியை எடுத்துக்கொண்டு பால்கனி கழுவப் போய்விட்டாள். நம்பிவிட்டாள் என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

கழற்றிய பழைய சாமான்களை எறிந்துவிட்டாயா என்று கேட்பீர்கள். எந்தச் சைக்கிள்காரனாவது எறிவானா? என்றைக்காவது தேவைப்படும். இதுவரை எவனுக்கும் தேவைப்பட்டதில்லை. அது வேறு விஷயம். சின்னச் சாமான்களை அலமாரியின் மேல்தட்டில், ஈரம் உறிஞ்சும் இயந்திரம் வந்த காலிப் பெட்டியில் போட்டு ஒளித்தேன். பழைய சக்கரங்களை மெக்கானிக் ஆ-கையின் கடையில் விட்டுவைத்தேன்.

கடைசியில் மிச்சம் இருந்தது ஃபிரேம் மட்டுந்தான். அவள் போட்ட சட்டத்தை மீறாமல் சைக்கிளின் சட்டத்தையே மாற்றுவது என்று முடிவு செய்தேன். ஆ-கை புது கார்பன் ஃபிரேமுக்குப் பழையதைப் போலவே கரும்பச்சை அடித்துக் கொடுத்தான். பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள். ஒரே ஒரு குறை. பழையதில் பெய்-யுன் துணிக்கம்பியால் இடித்த ஒரு கீறல் இருந்தது.

"அண்ணே, கீறல் இல்லாட்டி அண்ணி கண்டுபிடிச்சிருவாங்க," என்றான் ஆ-கை.

"அப்ப கீறிரு."

"நானா? கை வராதுண்ணே. புது ஃபிரேம்! நீங்களே கீறுங்க."

சாவியை எடுத்தேன். கண்ணை மூடிக்கொண்டு கீறினேன். பெற்ற பிள்ளைக்குக் காது குத்தும்போதுகூட எந்த அப்பனும் அழமாட்டான். அன்றைக்கு நான் அழுதேன். ஆ-கைதான் காப்பி வாங்கிக் கொடுத்தான். மாட்சூ அம்மன் கோயிலிலிருந்து பெய்-யுன் வாங்கிவந்து கட்டியிருந்த சிவப்புத் தாயத்தையும் அவிழ்த்துப் புதியதில் கட்டினேன். பழைய ஃபிரேம் சக்கரங்களோடு ஆ-கை கடையிலேயே தங்கிவிட்டது. தெய்வத்தையும் கூட்டுச் சேர்த்தாகிவிட்டது.

என் சைக்கிள் இப்போது காற்று மாதிரி இருந்தது. வாழைப்பழத் தோல் அளவு எடை குறைந்தாலும் என் கால் சொல்லிவிடும் என்று ஆ-கையிடம் பெருமை அடித்துக்கொண்டேன்.

சீனப் புது வருஷம் நெருங்கியது. வீட்டில் பெரிய சுத்தம் செய்கிற வாரம். பழையது எல்லாம் வெளியே போயாக வேண்டும். ஒரு மாலை, குப்பை லாரி தன் வருகையை அறிவிக்கும் பியானோ இசையோடு தெருவுக்குள் நுழைகிற நேரம், பெய்-யுன் ஸ்டூல் மேல் ஏறி அந்தப் பெட்டியில் கை வைத்தாள். நான் பாய்ந்தேன்.

"அதை விடு! அது வேணும்!"

"காலிப் பெட்டிதானேங்க?"

"காலிதான். ஆனா... நல்ல காலி."

அவள் பெட்டியைச் சற்றுத் தூக்கிப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு இருந்த இடத்திலேயே வைத்துவிட்டாள்.

"சரி, இருக்கட்டும். உங்க சாமான்," என்றாள். நான் அன்று விசில் அடித்துக்கொண்டே குப்பை கொட்டினேன்.

புது வருஷம் கழிந்த ஒரு நாள், கீழே வண்டி நிறுத்தும் இடத்துக்கு வரச்சொல்லிக் கூப்பிட்டாள். அங்கே ஒரு சைக்கிள் நின்றது. கரும்பச்சை ஃபிரேம். கறுப்புக் கைப்பிடி. கறுப்பு இருக்கை. துணிக்கம்பிக் கீறல்.

என் பழைய சைக்கிள்!

"எப்படி இருக்கு? நானும் ஓட்டலாம்னு இருக்கேன். ஆ-கை தம்பி கடையில சும்மா கிடந்த சாமானையெல்லாம் சேர்த்து மாட்டிக் கொடுத்தார். வீட்டுக்குள்ள வராது. கீழேயே நிக்கும். சட்டப்படி சரிதானே?"

"சரி... சரிதான்."

"ஏன் வேர்க்குது? இந்தச் சாமானையெல்லாம் முன்னாடி எங்கேயாவது பாத்திருக்கீங்களா?"

"நானா? எங்கே? இப்பத்தான் முதல் தடவை பாக்குறேன்."

மாடிக்கு ஓடினேன். அலமாரிப் பெட்டி இருந்த இடத்திலேயே இருந்தது. திறந்தேன். உள்ளே ஒரு மூட்டை அரிசி. ஆ-கைக்குப் போன் போட்டேன்.

"அண்ணே, அண்ணி பெட்டியில இருந்ததையெல்லாம் மூட்டையா கட்டிக் கொண்டுவந்து வெச்சாங்க. நான் என்ன செய்ய? எங்க வீட்லயும் அண்ணி மாதிரி ஒருத்தி இருக்காண்ணே," என்றான்.

என் சைக்கிளை என் சைக்கிள் என்று சொன்னால், மேலே நிற்பது எந்தச் சைக்கிள் என்ற கேள்வி வரும். திருடனுக்குத் தேள் கொட்டிய கதை. வாயை மூடிக்கொண்டேன். போகட்டும், அவளிடம் இருப்பது பழைய இரும்பு, என்னிடம் இருப்பது காற்று. மலைமேல் முன்னால் போய் நின்று, "மெதுவா வாம்மா" என்று பரிவோடு சொல்லலாம் அல்லவா?

ஞாயிற்றுக்கிழமை தாதூ மலைக்குக் கிளம்பினோம். "நீங்க சட்டையை மாட்டிட்டு வாங்க. நான் ரெண்டையும் ரோட்டுக்குக் கொண்டுபோறேன்," என்று முன்னால் இறங்கிப் போனாள். என்ன பணிவு!

ரோட்டில் இரண்டும் அருகருகே நின்றன. கீறலுக்குக் கீறல் ஒன்றாக இருந்தன. உயரத்தில் நானும் அவளும் ஒன்று என்பதால் இருக்கைகளும் ஒரே உயரம். நல்லவேளை, அடையாளத்துக்குத் தாயத்து இருந்தது. தாயத்துக் கட்டியதில் ஏறி உட்கார்ந்தேன்.

ஏற்றம் தொடங்கியதும் பெய்-யுன் என்னைத் தாண்டினாள். சும்மா தாண்டவில்லை. பாடிக்கொண்டே தாண்டினாள். நான் பெடலை மிதித்தேன். பெடல் என்னை மிதித்தது. எதிர்க்காற்று என்று நினைத்தேன். மரத்தில் ஓர் இலைகூட அசையவில்லை. காலையில் தின்ற முட்டை ரொட்டியோ என்று நினைத்தேன். பாதி மலையில் வயதாகிவிட்டது என்ற முடிவுக்கே வந்து, உயில் எழுதுவதைப் பற்றி யோசிக்க ஆரம்பித்தேன்.

உச்சியில் கடை வாசலில் உட்கார்ந்து பெய்-யுன் தேயிலை போட்டு அவித்த முட்டை உரித்துக்கொண்டிருந்தாள். "மெதுவா வாங்க," என்றாள், பரிவோடு.

அவள் சைக்கிள் வழியில் நின்றது. ஓரமாக வைப்போம் என்று தூக்கினேன். ஒரே கையில் தலைக்கு மேல் போய்விட்டது!

"பெய்-யுன்! சைக்கிள் மாறிப்போச்சு!"

"எப்படி மாறும்? தாயத்து உங்கதுலதானே இருக்கு?"

"தாயத்து இருக்கு... ஆனா இது... லேசா..."

"உங்க சைக்கிள்ல பரிசு விழுந்த செயினும் பெடலும்தானே புதுசு? பாக்கியெல்லாம் பழசுதானே?"

இல்லை என்றால் மாட்டினேன். ஆமாம் என்றாலும் மாட்டினேன்.

"ஆமா. பழசுதான்," என்றேன்.

"அப்ப எதை ஓட்டினா என்ன? எனக்கு இதுவே இருக்கட்டும்." பாதி முட்டையை என் வாயில் வைத்தாள். வாய் திறந்தபடிதான் இருந்தது. "சனிக்கிழமை சனிக்கிழமை சைக்கிளைத் தூக்கி வெச்சுத்தான் பால்கனி கழுவுறேன். அது இளைச்சுக்கிட்டே வந்துச்சு. அலமாரிப் பெட்டி பெருத்துக்கிட்டே வந்துச்சு. பார்சல் கவுண்டர்ல உக்காந்திருக்கிறவளுக்கு இதுகூடவா தெரியாது?"

கண்ணுக்குத்தான் கறுப்புக் கொள்கை வகுத்தேன். கையை மறந்துவிட்டேன். என்னை அறியாமல் சிரிப்பு வந்துவிட்டது. அவளும் சிரித்தாள். முட்டை புரையேறும்வரை இருவரும் சிரித்தோம். இவள் இப்படி மலை ஏறுவாள் என்று தெரிந்திருந்தால் எப்போதோ அழைத்து வந்திருக்கலாமே என்று நிஜமாகவே தோன்றியது.

"ஆனா வீட்டுக்குள்ள ஒரு சைக்கிள்தான்," என்று எழுந்தாள். "இது லேசு. மாடிக்கு நானே தூக்கிக்கிறேன். உங்களது கீழேயே நிக்கட்டும்."

ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். திரும்பி வரும்போது இறக்கத்தில் நான்தான் முதல். கனமான சைக்கிள் அல்லவா!