லட்டுவுக்கு எட்டில் ஒரு மாத்திரை

மாத்திரையை நாலாக உடைக்கும்வரை ஜெயக்குமாருக்கு ஒரு சிக்கலும் இல்லை. எட்டாக உடைக்கப் போனபோதுதான் வேர்த்துக் கொட்டியது. கத்தியை வைத்து அழுத்தினான். ஒரு துண்டு பறந்துபோய்ப் பருப்பு டப்பாவுக்குப் பின்னால் விழுந்தது.

"இன்னாடா இது, மாத்திரைய கத்திரிக்கா மாதிரி அரிஞ்சுகினு கீற?" என்றார் அப்பா கண்ணாயிரம். திருக்கழுக்குன்றம் பக்கத்துக் கிராமத்திலிருந்து மகனைப் பார்க்கக் கூடுவாஞ்சேரிக்கு வந்திருந்தார்.

"சும்மா இரு நைனா. லட்டுக்குக் கால் வலி. எனக்குப் பல்லு புடுங்குனப்ப வாங்குன மாத்திரை மிச்சம் இருந்திச்சு."

லட்டு ஒரு கினி பிக், வாலில்லாத குண்டு எலி மாதிரி ஒரு செல்லப் பிராணி. அதற்கு ஜோடி பூந்தி. இரண்டும் ஒரே பழுப்பு, ஒரே பருமன். லட்டுவின் நெற்றியில் மட்டும் ஒரு வெள்ளைப் பொட்டு. கல்பாக்கத்துப் பிறந்த வீட்டிலிருந்து மனைவி வைஷாலி கொண்டுவந்த சீரில் பீரோ, கட்டில், நகை எல்லாம் உண்டு. அதையெல்லாம் அவள் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டாள். இந்த இரண்டும்தான் அவள் உயிர். ஆபீஸ் வேலையாக ஹைதராபாத் கிளம்பும்போது, "உங்களை நம்பித்தாங்க விட்டுட்டுப் போறேன்" என்றாள். புது மாப்பிள்ளைக்கு அதைவிடப் பெரிய பட்டம் வேறென்ன வேண்டும்? பூரித்துப் போனான் மனுஷன்.

இன்று சாயங்காலம் அவள் வருகிறாள். காலையில் பார்த்து இவன் லட்டுவை மடியில் வைத்துக்கொண்டு நேற்றைய மேட்ச் ஹைலைட்ஸ் பார்த்தான். யார் ஜெயித்தார்கள் என்று ஊருக்கே தெரியும். இருந்தாலும் விக்கெட் விழுந்ததும் துள்ளினான். விக்கெட்டோடு லட்டுவும் விழுந்தது. இப்போது முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு நொண்டுகிறது.

ஒருவழியாக எட்டில் ஒரு பங்கைப் பொடியாக்கிக் கேரட் துண்டில் தடவினான். கூண்டைத் திறந்தான். காலிங் பெல் அடித்தது.

கீழ் வீட்டு சாராள் அக்கா.

"ஜெயக்குமாரு, கொஞ்சம் கறிவேப்பில கீதா?"

கொடுத்தான். அக்கா நகரவில்லை. என்ன குழம்பு, ஏன் அந்தக் குழம்பு, புளி எந்தக் கடை என்று ஒரு முழுச் சமையலையே வாசலில் செய்து முடித்துவிட்டுத்தான் போனாள். திரும்பி வந்தால் கேரட்டைக் காணோம்.

"எங்க நைனா கேரட்டு?"

"மாவு ஒட்டிகினு கெடந்துச்சுடா. கழுவித் துன்னுட்டேன்."

ஜெயக்குமார் தலையில் கை வைத்துக்கொண்டான். அப்பாவுக்கு மகன்மேல் இரக்கம் வந்துவிட்டது.

"பெரிய ஆளு மாத்திர எதுக்குடா இதுக்கு? கொயந்தைங்க சிரப்பு வாங்கியா. இதுவும் கொயந்த மாதிரிதான கீது?"

நியாயமாகப் பட்டது. மெடிக்கல் ஷாப்புக்கு ஓடினான்.

"குழந்தை எவ்ளோ வெயிட் சார்?" என்றார் கடைக்காரர்.

"ஒரு கிலோ இருக்கும்."

கடைக்காரர் முகம் மாறியது. "அய்யய்யோ. இன்குபேட்டர்லயா சார் இருக்கு?"

"இல்ல, கூண்டுல இருக்கு" என்று சொல்லிவிட்டு, அவர் அடுத்த கேள்வி கேட்பதற்குள் அலமாரியிலிருந்த சிரப்பைக் காட்டி வாங்கிக்கொண்டு வந்துவிட்டான்.

வீட்டில் அப்பா இளநீரோடு தயாராக நின்றார்.

"வலி மருந்து சூடுடா. வெறும் வயித்துல குடுக்கக்கூடாது. மொதல்ல ரெண்டு இட்லி, அப்பால மருந்து, அப்பால இளநி. கேஸ் மாத்திர கீதா?"

"நைனா, அது இட்லி துன்னாது!"

சிரப்பு மூடியில் கை வைத்தபோது இன்டர்காம் அலறியது. வாட்ச்மேன் முத்துசாமி.

"சார், உங்க பைக்கு வழிய மறிச்சிகினு கீது. தண்ணி டேங்கர் வருது. ஓடியாங்க!"

ஓடினான். டேங்கரும் இல்லை, ஒரு குடமும் இல்லை.

"எங்க டேங்கரு?"

முத்துசாமி தலையைச் சொறிந்தார். "வந்துகினே கீது சார். செத்த நில்லுங்க."

பத்து நிமிஷம் நின்றான். வரவில்லை. மேலே வந்து பார்த்தால், கூண்டுக்குள் இரண்டு ஆரஞ்சு உருண்டைகள்.

"மூடி ரொம்ப டைட்டுடா. படக்குனு தொறந்துகிச்சு, மொத்தமும் அதுங்க மேல ஊத்திகிச்சு" என்றார் அப்பா, குற்றவாளி போல.

நெற்றிப் பொட்டும் ஆரஞ்சு. எது லட்டு, எது பூந்தி? இரண்டும் ஒரு மூலையில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தன. எது சிரப்பை நக்கியது, எது நக்கவில்லை? கீரையை நீட்டினான். இரண்டும் தொடவில்லை. வழக்கமாக ஃபிரிட்ஜ் திறக்கிற சத்தத்துக்கே வீக் வீக்கென்று வீட்டை இரண்டாக்குகிற ஜீவன்கள்.

வைஷாலி திட்டினால் திட்டிவிட்டுப் போகட்டும். இதுகளுக்கு ஒன்று ஆகிவிட்டால் அவள் முகத்தை எப்படிப் பார்ப்பது? தரையில் உட்கார்ந்து போனை எடுத்தான்.

"வைஷாலி, லட்டுவ நான்தான் கீழ போட்டுட்டேன். மாத்திரை குடுக்கப் பாத்தேன், சிரப்பு குடுக்கப் பாத்தேன். ஒண்ணும் தெரியாமப் பண்ணிட்டேம்மா." குரல் உடைந்துவிட்டது.

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு.

"இதச் சொல்ல இவ்ளோ நேரமா உங்களுக்கு? சரி, அழாதீங்க. நம்ம மாத்திரை எதுவும் அதுங்களுக்குக் குடுக்கவே கூடாது. ஈரத்துணியால தொடச்சு, புல்லு வெச்சுக் கூடையில எடுத்துட்டுக் கெளம்புங்க. செங்கல்பட்டுல மிருக டாக்டர் ஹெலன்கிட்ட காட்டுங்க."

ரயிலில் கூடையைச் சுற்றிக் கூட்டம் கூடிவிட்டது. முயலா, எலியா என்று கேட்டவர்களுக்கெல்லாம் கண்ணாயிரம் கம்பீரமாகப் பதில் சொன்னார்: "எங்க மருமவப் பொண்ணோட புள்ளைங்க."

டாக்டர் ஹெலன் இரண்டையும் எடை போட்டார், காலைத் தொட்டுப் பார்த்தார், வாயைத் திறந்து பார்த்தார்.

"சிரப்பு உள்ள போகல. லட்டுவுக்கு லேசான சுளுக்குதான். ஆனா ஒண்ணு சொல்றேன், நம்ம வலி மாத்திரை இதுங்க வயித்தையும் கிட்னியையும் கெடுத்துடும். துண்டு எவ்ளோ சின்னதா இருந்தாலும் சரி. இது மெலாக்சிகாம் சொட்டு மருந்து. இதோட எடைக்குக் கணக்குப் பண்ணி நான் குடுக்கிற அளவு மட்டும்தான். சாப்பாட்ட நிறுத்திடுச்சுன்னா உடனே தூக்கிட்டு வந்துடணும், மறுநாள் பாத்துக்கலாம்னு விடக்கூடாது."

"கேஸ் மாத்திர?" என்றார் கண்ணாயிரம்.

"உங்களுக்கா தாத்தா?"

முதல் சொட்டு அங்கேயே உள்ளே போனது. வீட்டுக்கு வரும்போது கூடைக்குள்ளிருந்து புல் கடிக்கிற சத்தம். அதைக் கேட்டதும் ஜெயக்குமாருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. எப்படியோ, பொய் சொல்லி மறைக்காமல் அவளிடம் தானே ஒப்புக்கொண்டோம் என்பதில் கொஞ்சம் பெருமையும் சேர்ந்துகொண்டது.

மாடிப்படியில் சாராள் அக்கா முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா, லட்டு பொழச்சிடுச்சு! நானே போன் பண்ணி எல்லாத்தையும் வைஷாலிகிட்ட சொல்லிட்டேன்!"

"நல்லவேள சொல்லித் தொலச்ச. அவரா வாயத் தொறக்கற வரைக்கும் மருந்து மட்டும் குடுக்க வுடாதீங்கக்கான்னு, கூண்டுல வெச்ச கேமராவ ஹைதராபாத்லேந்து பாத்துகினே காலைலேந்து என்னையும் முத்துசாமியையும் பாடாப் படுத்திட்டாப்பா உம் பொண்டாட்டி!"