கார்க் கண்ணாடிக்கு ஃபிலிம் ஒட்டியது பற்றி அண்ணனுக்கு

மரியாதைக்குரிய அண்ணன் அவர்களுக்குத் தம்பி எழுதிக்கொள்வது. அண்ணிக்கு என் வணக்கம். நலம் விசாரிப்பதை மட்டும் நம் சண்டை தீரும்வரை நிறுத்தி வைத்திருக்கிறேன், தவறாக எண்ண வேண்டாம். இந்தக் கடிதம் முழுக்க முழுக்கக் கார்க் கண்ணாடிக்கு ஒட்டிய ஃபிலிம் சம்பந்தமானது.

மின்சாரக் கார் வாங்கிய அன்று, காலமெல்லாம் லாரி ஓட்டிய நீங்கள், "இதெல்லாம் ஒரு வண்டியா? சத்தமே இல்ல, வண்டின்னா உயிரோட இருக்கான்னு தெரிய வேண்டாமா? காசுத் திமிருடா உனக்கு" என்று தெருவே கேட்கும்படி சொல்லிவிட்டு, போட்டுவைத்த காபியைத் தொடாமல் போனீர்கள். அது இருக்கட்டும். வெயிலில் ஏசி போட்டால் சார்ஜ் மளமளவென்று இறங்குகிறது, ஏசியை நிறுத்தினால் வீட்டுக்காரி காரைவிட்டே இறங்கி நடக்கிறாள், வேறு வழியில்லாமல் ஃபிலிம் ஒட்டும் கடைக்குப் போனோம். கடைக்காரர் சூட்டு விளக்கைப் போட்டு ஒவ்வொரு ஃபிலிமாக முன்னால் பிடித்து, பின்னால் என் கையை வைக்கச் சொன்னார். கறுப்பு ஃபிலிம் சுட்டது. செராமிக் ஃபிலிம் சுடவே இல்லை, விலைதான் சுட்டது. நடுவில் ஒன்று, முகம் பார்க்கலாம் போலப் பளபளத்தது. வீட்டுக்காரி, "இத ஒட்டினா நான் உள்ள உக்காந்திருக்கிறது யாருக்கும் தெரியாதே, அப்புறம் கார் எதுக்கு?" என்றாள். நான் கேட்கவில்லை, அதையே ஒட்டச் சொன்னேன்.

ஒட்டியவர், "காயற வரைக்கும் கண்ணாடிய இறக்கிடாதீங்க சார், சுருங்கிடும்" என்று கண்டித்து அனுப்பினார். அன்றிலிருந்து வண்டி நிறுத்துமிடத்தில் சீட்டு வாங்கக் கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைக்க வேண்டியிருக்கிறது, பின்னால் நிற்பவர்கள் ஹாரனாலேயே திட்டுகிறார்கள், தெருவில் நிறுத்தினால் போகிறவர் வருகிறவரெல்லாம் என் ஜன்னலில் தலை வாருகிறார்கள், வண்டிக்குச் சத்தம் இல்லாததால் உள்ளே ஆள் இருப்பது ஒருத்தருக்கும் தெரிவதில்லை, ஒருவர் பல்லிடுக்கில் சிக்கியதை என் மூக்குக்கு நேராக நின்று நிதானமாக எடுத்துவிட்டுப் போனார்.

போன ஞாயிறு மதியம், ஃபிலிம் எவ்வளவு வெயில் தாங்குகிறது என்று பார்க்க, வாசலில் நிறுத்திய காருக்குள் ஏசியைக் குறைத்துவைத்து உட்கார்ந்திருந்தேன். அப்போது நீங்கள் வந்தீர்கள். ஜன்னலைப் பார்த்துச் சட்டைக் காலரைச் சரிசெய்தீர்கள். தொண்டையைச் செருமிக்கொண்டு, "டேய், ஏதோ வாய் தவறிச் சொல்லிட்டேன், விடு" என்றீர்கள். இது சரியில்லை என்பதுபோல் தலையை ஆட்டிக்கொண்டீர்கள். பிறகு, "எனக்குப் பொறாமைடா. அவ்வளவுதான்" என்றீர்கள். காலரை மறுபடியும் சரிசெய்தீர்கள். அப்புறம், "சும்மா இந்தப் பக்கம் வந்தேன், வீட்ல எல்லாரும் நல்லா இருக்காங்களா?" என்று சிரித்துப் பார்த்தீர்கள். அதுவும் பிடிக்கவில்லை போலிருக்கிறது, கதவைத் தட்டாமலே திரும்பிப் போய்விட்டீர்கள்.

கண்ணாடியை இறக்கக் கூடாது, கதவைத் திறந்தால் உங்கள் வயிற்றில் இடிக்கும். இதுதான் காரணம் என்று எழுதினால் நீங்கள் நம்பமாட்டீர்கள். கதவின் கைப்பிடியில் வைத்த கையை நானே எடுத்துவிட்டேன், அண்ணா. நீங்கள் தெருமுனை திரும்பும்வரை உள்ளேயே இருந்தேன். ஆகவே இந்த ஃபிலிம் நம் வீட்டுக்கு ஒத்துவராது. நாளைக்கே உரித்துவிடச் சொல்லியிருக்கிறேன். என் தேர்வு தப்பு, வண்டியைப் பற்றி நீங்கள் சொன்னதுதான் சரி.

அண்ணியின் முழங்கால் வலி சீக்கிரம் குணமாகட்டும். பேரப்பிள்ளைகளுக்கு என் ஆசிகள்.

இப்படிக்கு,
தம்பி

பின்குறிப்பு: ஃபிலிமை உரிக்கவில்லை. இதைப் படித்த வீட்டுக்காரி, "அத ஏன் உரிக்கணும்? அது இல்லேன்னா உங்க அண்ணன் மனசு உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்கிறாள். வண்டியும் சரியான வண்டிதான், சத்தம் போட்டிருந்தால் நீங்கள் பேசியிருப்பீர்களா? ஃபிலிம் காய்ந்துவிட்டது, இனிமேல் கண்ணாடியை இறக்கலாமாம். வருகிற ஞாயிறு மதியம் அதே இடத்தில் உட்கார்ந்திருப்பேன். முதலில் சொன்னது வேண்டாம், இரண்டாவதும் வேண்டாம், மூன்றாவதை மட்டும் கேளுங்கள். வீட்டில் எல்லாரும் நன்றாக இருக்கிறோம்.