சஹனில் என் பக்கம்

நான் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் கற்பிக்கிறவன். பிற சமூகங்களின் பழக்கவழக்கங்களை எப்படி அணுக வேண்டும் என்று மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்துச் சம்பளம் வாங்குகிறேன். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. நடுவில் தெரியவந்தால், நீங்கள் சிரிக்கிற சிரிப்பில் மீதிக் கதை காதில் விழாது.

ஈரோட்டிலிருந்து கண்டிக்கு வேலைக்கு வந்த முதல் வருடம் நடந்தது இது. கட்டுகஸ்தோட்டையில், பாலத்துக்குக் கொஞ்சம் மேலே, ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கும் ஒரு ஹாஜியாரின் வீட்டு மாடியில் வாடகைக்கு இருந்தேன். ஜன்னலை மூடினால் பஸ் ஹார்ன். திறந்தால் மகாவலி ஆறு. (திறந்தாலும் பஸ் ஹார்ன்தான். மகாவலி கூடுதல்.) மனைவி சுமதியும் மகளும் ஈரோட்டில் இருந்தார்கள். பள்ளி விடுமுறையோடு அவர்களை அழைத்துவந்துவிட வேண்டும் என்பது என் திட்டம்.

அதற்குக் குறுக்கே நின்றது அந்த மாடிதான். தனியாள் என்று ஒரு வருடத்துக்கு மட்டும் எனக்குக் கொடுத்திருந்தார்கள். ஹாஜியாரின் மூத்த மகன் கட்டாரில் வேலை செய்தார். அவர் திரும்பி வந்தால் மாடி அவருக்கு. குடும்பத்தைக் கூட்டிவரட்டுமா என்று கேட்டபோது, மகளுடைய கல்யாணம் முடியட்டும், யோசித்துச் சொல்கிறேன் என்று ஹாஜியார் தாடியைத் தடவினார். வேறு வீடும் தேடிப் பார்த்தேன். என் சம்பளத்துக்குக் கட்டுப்படியான ஒரே வீட்டில் குரங்குகள் ஏற்கெனவே குடும்பத்தோடு குடியேறியிருந்தன.

ஆகவே அந்தக் கல்யாணத்துக்கு நான் விருந்தாளியாகப் போகவில்லை, நேர்முகத் தேர்வுக்குப் போனேன். முதல் நாள் சுமதி போனில் பாடம் எடுத்தாள். “ஏனுங்க, அங்க போய் லெக்சர் அடிக்காதீங்க. வெச்சதை மிச்சம் வெக்காம சாப்பிட்டு வாங்க. அதுலதானுங்க மரியாதையே இருக்குது.”

அவள் சொன்னதை அப்படியே கேட்டேன். (எங்கள் மணவாழ்க்கையில் அது முதல் தடவை. விளைவைப் பாருங்கள்.)

அழைப்பிதழில் போட்ட நேரத்துக்குச் சரியாகப் போய்ச் சேர்ந்தேன். மண்டபத்தில் ஈ காக்கை இல்லை. ஆண்கள் எல்லோரும் நிக்காஹ்வுக்காகப் பள்ளிவாசலில் இருந்தார்கள் என்பது பிறகு தெரிந்தது. வாசலில் நின்ற உறவுக்காரர் ஒருவர், பாயில் வெள்ளைத் துணி விரித்திருந்த இடத்தில் என்னை உட்காரவைத்து, “இதுல இருங்க சேர்” என்று சொல்லிவிட்டு எங்கோ ஓடினார்.

எனக்கு முன்னால் மூடிவைத்த ஒரு பெரிய வட்டத் தட்டு. மண்டபம் முழுக்க அப்படி இருபது தட்டுகள் இருக்கலாம். என் மூளை கணக்குப் போட்டது: இருபது தட்டு, இருபது விருந்தாளி. ஊரே தெரிந்த ஹாஜியார், மகள் கல்யாணத்துக்கு இருபதே பேரைக் கூப்பிட்டிருக்கிறார். அதில் நானும் ஒருவன். கண் கலங்கியது.

மூடியைத் தூக்கிப் பார்த்தேன். புரியாணி மலை. மலையுச்சியில் ஆறு பெரிய கோழித் துண்டுகள். சரிவில் கத்தரிக்காய், அச்சாறு. பேராசிரியர் என்றால் இந்த ஊரில் இவ்வளவு மதிப்பா! எங்கள் பக்கத்தில், பரிமாறிய இலைக்கு முன்னால் கைகட்டி உட்கார்ந்திருந்தால், அந்த ஆள் கோபித்துக்கொண்டிருக்கிறார் என்று பொருள். எனக்கு யார்மீதும் கோபமில்லை. கையைக் கழுவிக்கொண்டு வந்து ஆரம்பித்தேன்.

இரண்டு துண்டு உள்ளே போய், மூன்றாவது பாதியில் இருந்தபோது கூட்டம் வந்துவிட்டது. ஐந்து பேர் சலாம் சொல்லிக்கொண்டே என் தட்டைச் சுற்றி உட்கார்ந்தார்கள். நான் சாப்பிடுவதைப் பார்க்கவா என்று கொஞ்சம் கூச்சமாக இருந்தது. கை கழுவும் பாத்திரம் சுற்றி வந்தது, கழுவினார்கள். பிஸ்மில்லாஹ் சொன்னார்கள். பிறகு ஐந்து கைகளும் என் மலையை நோக்கி நீண்டன.

அப்போது நான் செய்ததை இன்றும் தலையணையில் முகம் புதைத்துத்தான் நினைத்துப் பார்க்கிறேன். இடது கையால் தட்டை என் பக்கம் மெதுவாக இழுத்து, மிகுந்த பணிவோடு சொன்னேன். “மன்னிக்கணும், இது என்னோட சாப்பாடு.”

எதிரே இருந்தவர் என்னைப் பார்த்தார். தட்டில் நான் தோண்டிய குழியைப் பார்த்தார். “அப்படியா சேர்? அப்ப நாங்க சேர்ட விருந்தாளிகள். எங்களுக்கும் கொஞ்சம் தருவீங்களா?” என்றார், முகத்தில் ஒரு மடிப்பும் மாறாமல். பக்கத்தில் இருந்தவருக்குத் திடீரென்று இருமல் வந்தது.

அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தேன். ஒவ்வொரு தட்டைச் சுற்றியும் ஆறு தலைகள். ஆறு பேர் கூடி உண்ணுகிற சஹன் அது! வியர்த்தது. சட்டென்று பரிகாரம் தேடிய நான், கையிலிருந்த பாதிக் கோழியைக் கடித்த பக்கம் தெரியாமல் கவிழ்த்து மலையுச்சியிலேயே திரும்ப வைத்தேன். எதிரே இருந்தவர் அதை எடுத்து என் முன்னால் வைத்தார். “சஹன்ல ஆளுக்கு ஒரு பக்கம் சேர். அவரவர் பக்கத்துல சாப்பிட்டா சண்டையே வராது.” மிச்சமிருந்த மூன்று துண்டுகளை ஐந்து பேருக்கும் பிய்த்துப் பகிர்ந்தார். அதன்பின் கடைசி இனிப்பான வட்டிலாப்பம் வரும்வரை ஒவ்வொன்றுக்கும் என்னிடம் அனுமதி கேட்டார்கள். அச்சாறு எடுக்கலாமா சேர்? எடுங்க. கத்தரிக்காய்? எடுங்க, எடுங்க.

விசாரிக்க வந்த ஹாஜியாரிடம், “சேர் எங்கள நல்லா கவனிச்சாரு” என்றார் எதிரே இருந்தவர். அவர்தான் மாப்பிள்ளையின் தகப்பனார், திகனவில் துணிக்கடை வைத்திருப்பவர். விஷயம் முழுவதையும் ஹாஜியார் காதில் சொன்னார். ஹாஜியார் சிரிக்கவில்லை. என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு அடுத்த சஹனுக்குப் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்ததும் பெட்டியைக் கட்டத் தொடங்கினேன். வீடு போயிற்று என்று சுமதிக்குச் சொன்னேன். “மிச்சம் ஏதாச்சும் வெச்சீங்களா?” என்றாள். மூன்று துண்டு என்றேன். “அப்ப போகத்தானுங்க செய்யும்” என்றாள்.

அந்த வாரக் கடைசியில் ஹாஜியார் மாடிக்கு வந்தார். கட்டிய பெட்டியைப் பார்த்தார். “குடும்பத்த கூட்டி வாங்க சேர். ஆனா ஒண்டு. சஹனையே என்னோடதுன்னு சொன்ன ஆளு நீங்க. வீட்ட...”

“வீடு உங்களோடது ஹாஜியார்” என்று பதறினேன்.

“ஆ, அத மாசா மாசம் சொல்லணும்” என்றார். அப்போதுதான் சிரித்தார். இருமல் வரும்வரை சிரித்தார்.

இன்றுவரை ஒவ்வொரு மாதமும் முதல் தேதி அந்த வாக்கியத்தைச் சொல்லித்தான் வாடகை கொடுக்கிறேன். எங்கள் வீட்டில் யார் கடைசி வடையை நோக்கிக் கை நீட்டினாலும் மகள் தட்டை இழுத்துக்கொண்டு, “மன்னிக்கணும்” என்று ஆரம்பித்துவிடுவாள்.

போன வருடம் மூத்த மகன் கட்டாரிலிருந்து மனைவி பிள்ளைகளோடு திரும்பி வந்துவிட்டார். ஹாஜியார் அவரை மாடிக்குக் கூட்டிவந்தார். அவர் அறைகளை எட்டிப்பார்த்தார், ஜன்னலைத் திறந்து ஆற்றைப் பார்த்தார். சுமதி திரைச்சீலையைக் கழற்றுவதா வேண்டாமா என்று நின்றாள். எனக்கு அதே பழைய வியர்வை.

ஹாஜியார் மகனின் தோளில் கை வைத்தார். “கீழ ரெண்டு ரூம் ஈக்கி மகன், பின்னால இன்னும் ஒண்டு கட்டுவோம். இது சேர்ட பக்கம். இதுல நாங்க கை வைக்கக் கூடாது.”

சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்தபடி நின்றார். அன்று முதல் தேதியே இல்லை. இருந்தாலும் சொன்னேன்.

“வீடு உங்களோடது ஹாஜியார்.”