தேர்வு அரங்கில் ஓர் ஓநாய்

தி ஹேக்,
வெள்ளி பிற்பகல்

பேரன்பிற்கும் ஓரளவு மதிப்பிற்கும் உரிய தங்கை ஆலெத்துக்கு,

தமக்கை ஹென்றிக்கா எழுதிக்கொள்வது. இங்கு நானும் என் சைக்கிளும் நலம். டெவென்டரில் நீயும், உன் கணவரும், அவருடைய முழங்காலும் நலமாயிருக்க விழைகிறேன். என் சென்ற பிறந்தநாளன்று, நாற்காலிகளை வட்டமாகப் போட்டு அமர்ந்திருந்த உறவினர் அத்தனை பேர் முன்னிலையிலும், கேக்கை வாயில் வைத்துக்கொண்டே, "முதல் வருஷத் தேர்வுலயே திருப்பி அனுப்பிடுவாங்க பாரு. மாடி ரூமைக் காலியாவே வச்சிருக்கேன்" என்று நீ கூறினாய் அல்லவா? அக்கூற்றுக்கு மறுமொழியாக இம்மடலைக் கருதுவாயாக. அத்தேர்வு இன்று காலை நடந்தேறியது. தேறினால் இசைக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. தவறினால் உன் மாடி அறையும் உன் பட்டாணி சூப்பும்.

நான் பயிலும் ஹார்ப்சிகார்டு பியானோவுக்குப் பாட்டி முறையே ஆயினும், அதைப் போல் சாதுவான பிராணி அன்று. கதவைத் திறந்தால் ஒரு சுருதி, மூடினால் ஒரு சுருதி. ஆகவே ஒவ்வொருவரும் வாசிக்குமுன், முந்தையவர் வைத்த சுருதியைக் கலைத்துத் தம் பாடலுக்கு ஏற்றவாறு தாமே சேர்த்துக்கொள்வது எங்கள் வழக்கம். எனக்கு முன்பு வாசித்தவள் என் வகுப்புப் பெண் லிசெட். மிகப் பழைய பாடல்களையன்றி வேறெதையும் தொடாதவள். வெளியே வரும்போதே, "ஹென்றிக்காம்மா, நான் பழைய சுருதி வச்சிருக்கேன். உங்க ரெண்டாவது பாட்டுக்கு அது சரிப்பட்டு வராது. மறக்காம மாத்திடுங்க, ஆமா!" என்றாள். ஏனையோர் கைபேசியைப் பார்த்துச் சுருதி சேர்ப்பவர்கள். நானோ எவரிடமும் கைகட்டி நில்லாமல், பல்லாண்டு ஒரு பல் மருத்துவரின் வரவேற்பு மேசையில் அமர்ந்து, உள்ளறையில் பல்லைக் குடையும் கருவியின் சுருதி கேட்டே காதைத் தீட்டிக்கொண்டவள். "எனக்கும் காது இருக்கும்மா" என்று மட்டும் விடையளித்து உள்ளே சென்று, மூன்று சுரங்களை ஒருசேர ஒலிக்கும் எளிய கோர்வைகள் சிலவற்றை அழுத்திப் பார்த்தேன். தேன்! தேனைத் திருத்துவானேன் என்று கருதி, சுருதி சேர்க்கத் தந்த நேரத்தில் உணவகம் சென்று, சீஸ் வைத்த ரொட்டியொன்றை ஒரு குவளை மோருடன் நிதானமாக உட்கொண்டேன்.

முதற்பாடல் மலர்ந்தது. நடுவர் மூவரும் தலையசைத்தனர். இரண்டாவது, பிரெஞ்சுக்காரர் ஒருவர் தம் நண்பரின் மறைவுக்காக இயற்றிய துயரப் பாடல். எஃப் மைனர் என்னும் சோகச் சுர வரிசையில் அமைந்தது. முதற்கோர்வையை அழுத்தினேன், ஆலெத், வாலை மிதித்தாற்போல் ஓர் ஊளை கிளம்பியது! அந்தப் பழைய சுருதியில், எளிய கோர்வைகள் தேனாக இனிப்பதற்காகக் கசப்பையெல்லாம் ஒரு மூலைக்குத் தள்ளியிருப்பார்கள். அம்மூலைக்கு எங்கள் தொழிலில் ஓநாய் என்றே பெயர். எஃப் மைனர் அந்த ஓநாயின் சொந்த வீடு. நானோ கதவைத் தட்டாமலே உள்ளே நுழைந்துவிட்டேன். பின்வரிசையில் என் ஆசிரியர் யோரிஸ் கழுத்துத் துணியால் முகத்தை மூடிக்கொண்டது என் கடைக்கண்ணில் பட்டது. மாண்பு குன்றாமல் ஒரு பக்கம் முழுவதும் வாசித்தேன். ஓநாயும் உடன் வந்தது. அதற்கு மேல் என் காது பொறுக்கவில்லை. எழுந்து நின்றேன்.

"மதிப்பிற்குரிய நடுவர்களே, கருவி குற்றமற்றது. சுருதி சேர்க்காமல் சாப்பிடப் போனவள் நான். இரண்டு சுரங்களை மட்டும் சற்று உயர்த்திக்கொள்ள இசைவளிக்க வேண்டுகிறேன்."

தலைமை நடுவர் ஃபான் ஆசெல்ட் கண்ணாடியைக் கழற்றினார். "சாப்பாடு நல்லா இருந்துச்சா?"

"ரொட்டி காய்ந்திருந்தது, ஐயா."

"இங்க எப்பவும் அப்படித்தான். சரி, திருத்துங்க. நாங்க அதுக்குள்ள ஒரு காபி குடிச்சுக்கிறோம்."

அவர்கள் ஆளுக்கு ஒன்றாகப் பிஸ்கட்டைக் கடித்து முடிப்பதற்குள், கைபேசியோ பிறர் துணையோ இன்றி, காதை மட்டுமே நம்பி ஓநாயை விரட்டிவிட்டு, பாடலை முதலிலிருந்து பழுதற வாசித்தேன். தாழ்வாரத்தில் லிசெட், "நான்தான் படிச்சுப் படிச்சுச் சொன்னேன்ல? கதவுக்கு வெளிய நின்னவங்க எல்லாம் உள்ள பூனை மாட்டிக்கிச்சுன்னு நெனச்சாங்கம்மா!" என்று என் முதுகில் தட்டினாள். சற்றைக்கெல்லாம் யோரிஸ் வந்தார். "பாஸ். எப்படின்னு என்னைக் கேக்காதீங்க, உள்ள பெரிய சண்டை. ரெண்டாவது வருஷம் உண்டு, போய்த் தூங்குங்க" என்றார்.

எப்படியென நான் கேட்கவில்லை. பிழையை ஒப்புக்கொண்டு அவையறியத் திருத்தும் நேர்மையான காதுக்குக் கிடைத்த மரியாதை அது என்பது வெளிப்படை. எனவே மாடி அறையில் நீ தாராளமாகத் துணி தேய்க்கலாம். அந்த ஊளை இனி என் விரல்களிலிருந்து ஒருபோதும் எழாது என உறுதி கூறுகிறேன். அதையும் இசையென்று ரசிப்பவர் எவரேனும் இருப்பின், அவரைக் காது மருத்துவரிடம் அனுப்புவதே முறை.

உன் கணவரின் முழங்கால் மழையைத் தாங்கவும், உன் தோட்டத்து ஸ்ட்ராபெர்ரிகளை நத்தைகள் தீண்டாதிருக்கவும் வாழ்த்தும்,

உன் மூத்த சகோதரி,
ஹென்றிக்கா
(இரண்டாம் ஆண்டு மாணவி)

பின்குறிப்பு: இதைத் தபாலில் சேர்க்கச் செல்லும் வழியில் ஃபான் ஆசெல்ட் சைக்கிளில் வந்து மறித்தார். "அம்மா, நீங்க திருத்தினதுக்குத்தான் மார்க்கைக் குறைச்சோம்! ஊளையோட வாசிச்ச அந்த முதல் பக்கம் இருக்கே, அதுக்காகத்தான் பாஸ் போட்டோம். இழவு வீட்டுல யாரு சுருதி சேர்த்து அழுவாங்க? அக்டோபர் கச்சேரில அப்படியே ஊளை விடணும், கைய வச்சுடாதீங்க" என்றார். சிவப்பு விளக்கு பச்சையாகும் வரை ஆழ்ந்து சிந்தித்து, சம்மதம் தெரிவித்தேன். ஆதலால் காது மருத்துவர் பற்றிய வரியை நீ படிக்கவில்லை. கச்சேரிக்கு முன்வரிசையில் வந்து அமர்வாயாக. ஊளை கிளம்பியதும் பக்கத்திலிருப்பவரிடம், "வேணும்னேதான் பண்றா" என்று அரங்கம் முழுவதும் கேட்கும்படி சொல்வாயாக.