ட்யாலிங்கின் மனம் களவு போன விவரம்

கடல் ஊருக்குள் வராமல் பார்த்துக்கொள்வது எங்கள் கரைகாப்பு வாரியத்தின் வேலை. நெதர்லாந்தில் இதை யாரும் விளையாட்டாக எடுத்துக்கொள்வதில்லை. ஆகவே, கரைக் கண்காணிப்பாளர் பதவி காலியானதும், தகுந்த ஆளைத் தேர்ந்தெடுக்க ஹெஸ்ஸல் பூன்ஸ்ட்ரா என்ற ஆலோசகரை அமர்த்தினார்கள்.

ஹெஸ்ஸல் மூன்று மாதம் எங்கள் சைக்கிள் கொட்டகையிலேயே இருந்தார். யாரிடமும் பேசவில்லை. பிறகு நூற்றுப் பன்னிரண்டு பக்க அறிக்கை தந்தார். ஒருவருடைய சைக்கிள் பிரேம் எதனால் ஆனதோ, மனமும் அதனாலேயே ஆனது என்றது அறிக்கை. இரும்பு பிரேம்காரர் விசுவாசி, ஆனால் மாற்றத்தை எதிர்ப்பார். அலுமினியக்காரர் எதற்கும் ஒத்துப்போவார், நீடித்து நிற்க மாட்டார். கார்பன்காரர் வேகமானவர், முன்னறிவிப்பின்றி முறிவார். டைட்டேனியத்தைப் பற்றி மட்டும் நாற்பது பக்கம் புகழ்ந்திருந்தார். அவருடையது டைட்டேனியம்.

பணியாளர் பிரிவு எழுத்தரான நான், எல்லோருடைய கோப்பிலும் ‘மனநிலை’ என்று ஒரு கட்டம் போட்டு, அவரவர் சைக்கிள் பிரேமை அதில் குறித்தேன்.

பதவிக்கு மனுப் போட்டவர்களில் ட்யாலிங் வியர்ஸ்மாவும் ஒருவர். இருபத்திரண்டு வருஷமாகக் கரையைச் சுற்றியவர். கால் வைத்தாலே எங்கே நீர் கசிகிறது என்று சொல்லிவிடுவார். அவரிடம் இருந்தது இரும்பு வண்டி.

"நீங்க மாற்றத்தை எதிர்க்கிறவர்," என்றார் ஹெஸ்ஸல்.

"இல்லீங்களே. வடக்கு மதகை மாத்தணும்னு நாலு தடவை எழுதிக் கொடுத்ததே நான்தான்."

"பாத்தீங்களா, இப்பவே எதிர்க்கிறீங்க."

ட்யாலிங் வீட்டுக்குப் போய் மனைவி சீட்ஸ்கேயிடம் புலம்பினார். "அலுமினியம் வாங்கட்டுமா?"

"கிறுக்கா உனக்கு? கரையைப் பாக்கச் சொன்னா கடையைப் பாக்கற!"

வாங்கிவிட்டார். மறுநாளே அவர் கோப்பில் குறிப்பு வந்தது: ‘பதவிக்காக மனத்தை மாற்றிக்கொள்பவர்.’

இறுதி நேர்காணலன்று காலை, ரயில் நிலைய வாசலில் அந்த அலுமினிய சைக்கிள் திருடு போனது. எங்கள் ஊரில் அது செய்தியே இல்லை. ஆனால் கோப்பில் பதிவு செய்தாக வேண்டும். போலீசில் கொடுத்த புகார் நகலை இணைத்து, கட்டத்தில் எழுதினேன்: ‘மனநிலை: களவு போயிற்று. காவல்துறை தேடிவருகிறது.’

மழையில் நடந்தே வந்த ட்யாலிங், சொட்டச் சொட்ட நின்றார்.

ஹெஸ்ஸல் கோப்பை இரண்டு முறை படித்தார். "மதகைப் பத்தி இப்ப ஏதாவது கருத்து இருக்கா?"

"வீட்டுக்குப் போய்ச் சட்டையை மாத்தணுங்க. வேற ஒண்ணும் தோணல."

"எதிர்ப்பு?"

"இல்லை."

"லட்சியம்?"

"காஞ்ச காலுறை."

நேர்காணல் குழுவினர் குசுகுசுத்தார்கள். எல்லா மனத்திலும் ஏதோ ஒரு குறை உண்டு. மனமே இல்லாதவரிடம் குறை காண விதியில் இடமில்லை. ட்யாலிங் ஒருமனதாக நியமிக்கப்பட்டார்.

முதல் நாள் என்னைக் கூப்பிட்டார். "இனிமே மதகை நானே மாத்தச் சொல்லலாம், இல்லையா?"

"சொல்லலாம் ஐயா. ஆனா அப்புறம் உங்களுக்கு மனசு இருக்குன்னு ஆயிடும். பதவி நிக்காது."

ஜன்னல் வழியே ஒருமுறை கரையைப் பார்த்தார். அப்புறம், தான் எழுதிய நாலு கடிதங்களையும் எடுத்து, ஒவ்வொன்றிலும் ‘பரிசீலனையில்’ என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

அதற்கு மறுவாரம் உதவி மேலாளர் பதவி அறிவிக்கப்பட்டது. இரண்டே நாளில் பதினோரு பேர் சைக்கிள் களவு போனதாகப் புகார் நகலோடு வந்து நின்றார்கள். எனக்கும் பதினெட்டு வருஷமாகப் பதவி உயர்வு இல்லை. விடிந்ததும் என் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, அலுவலகத்துக்குப் பின்னாலிருக்கும் வாய்க்காலுக்குப் போனேன்.

அங்கே ஒரு வரிசை நின்றது. யாரும் யாரையும் பார்க்கவில்லை. எனக்கு முன்னால் ஹெஸ்ஸல், டைட்டேனியத்தைத் தடவியபடி.

உள்ளே விழுந்த சைக்கிள்களால் தண்ணீர் ஒரு சாண் உயர்ந்திருந்தது. அதைப் பற்றி யாரும் கருத்துச் சொல்லவில்லை.