விபூதி பூசிய வில்லை

உடைந்த பீங்கானுக்கு ஊரைக் கூட்டித் துக்கம் கேட்க வைத்த மனிதர், புதுக்கோட்டை மாவட்டத்திலேயே எங்கள் வில்லை அண்ணன் ஒருவர்தான்.

கல்லூரி ஆய்வகத்தில் எனக்கு சீனியர். ஒலியைவிடப் பல மடங்கு வேகமாகப் பறக்கும் ஊர்தியின் மூக்கு எதிர்க்காற்றிலேயே வெந்துபோகும். அந்தச் சூட்டில் இரும்பு கூழாகும், கரி சாம்பலாகும். ஆக்ஸிஜனால் தின்ன முடியாத பீங்கான் வேண்டும். அதைத்தான் அண்ணன் வருடக்கணக்காகச் சூட வில்லை அளவில் செய்து, வெல்டிங் தீயில் காட்டிக்கொண்டிருந்தார்.

ஒவ்வொரு வில்லையும் வெடித்தது. வெடித்ததும் தலையில் துண்டைப் போட்டு ஆய்வக வாசலில் உட்கார்ந்துவிடுவார். நாங்கள் வரிசையாகப் போய்க் கையைத் தொட்டு விசாரிக்க வேண்டும்.

"எப்புடிண்ணே ஆச்சு?"

"நல்லாத்தான் இருந்துச்சு தாயி. தீயில மினுமினுன்னு நின்னுச்சு. ஆறவிட்டேன், படக்குன்னு போயிருச்சு."

புதிதாக வந்த விரிவுரையாளர் ஒருவர் நிஜச் சாவென்று நம்பி மாலையோடு வந்துவிட்டார். அண்ணன் மறுக்காமல் வாங்கி வில்லைக்கே போட்டார். பிறகு மாலைக்குள் வில்லையைத் தேட வேண்டியிருந்தது.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அதைச் சொல்லாமல் எனக்குப் பொழுது விடியாது. அண்ணனிடமும் சொன்னேன். "எங்க வீட்ல பள்ளிக்கூடத்த விட்டு வெளிய வராத மொத ஆளு நான்" என்றார்.

வெளியே வரும் நாளும் நெருங்கியது. ஆய்வுத் திட்டம் அந்த மாதத்தோடு முடிகிறது, ஒரு வில்லையாவது தீயில் நின்றால் நீட்டிக்கக் கேட்கலாம் என்று கைடு சொல்லிவிட்டார். நிற்காவிட்டால் கடற்கரையோர ஜெகதாப்பட்டினத்தில் மாமனாரின் ஐஸ் பிளான்ட் காத்திருந்தது. மிச்சமிருந்த பொடியில் ஒரே ஒரு வில்லைதான் தேறியது.

அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு காலையில் திருவரங்குளம் சிவன் கோயிலுக்குப் போயிருக்கிறார். அர்ச்சனைத் தட்டில் வைத்து எடுத்தவர், பக்தி மேலிட்டு அதற்கும் பட்டை போட்டுவிட்டார். ஆய்வகத்துக்கு வந்ததும் ஸ்பிரிட்டால் துடைத்தார். ஆனால் கண்ணுக்குத் தெரியாத துளைகளில் விபூதி தங்கிவிட்டது. சூடேறும்போது வில்லையின் மேல் மெல்லிய கண்ணாடித் தோல் ஒன்று உருவாகும். ஆக்ஸிஜனைத் தடுப்பது அதுதான். சாம்பல் பட்டால் அந்தத் தோல் இளகி ஓடிவிடும். அண்ணனின் ஆய்வேட்டில் இதற்கென்றே ஓர் அத்தியாயம் உண்டு.

வில்லையைத் தீயில் காட்டிவிட்டு அணைத்தோம். ஆறவிட்டோம். வில்லை வெடிக்கவில்லை. கைடு இடுக்கியால் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

"இதென்னப்பா, மூணு பள்ளம்?"

"கும்பிட்டுட்டு வந்தேன் சார்."

கைடு அதை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். துக்கம் கேட்கப் போனோம். அன்றைக்கு அண்ணன் துண்டே போடவில்லை. பள்ளங்களுக்கு நடுவில் விரலால் தடவிக்கொண்டிருந்தார்.

"பூசாத எடம் அப்புடியே நிக்கிது பாரு தாயி."

நின்றுதான் இருந்தது. பாதி நின்ற வில்லையை வைத்து எந்த ஆபீஸிலும் பணம் கேட்க முடியாது. மாதக் கடைசியில் அண்ணன் பஸ் ஏறிவிட்டார்.

போன மாதம் பார்க்கப் போனேன். எல்லை தாண்டியதாகக் கடற்படைக்காரர்கள் படகுகளைப் பிடித்துக்கொண்டு போனதால் யாரும் கடலுக்குப் போகாத வாரம். ஐஸ் கட்டிகள் வாங்க ஆளில்லாமல் அடுக்கிக் கிடந்தன. "அங்கிட்டு எரிஞ்சு போச்சு. இங்கிட்டு ஒழுகிப் போகுது" என்றார். கிளம்பும்போது எங்கிருந்தோ நாலு நண்டு பிடித்து வந்து, தெர்மோகோல் பெட்டியில் ஐஸ் பரப்பிக் கட்டிக் கொடுத்தார்.

பெட்டி அறந்தாங்கி வருவதற்குள் ஒழுக ஆரம்பித்தது. கீழே வைக்கச் சொல்லிக் கண்டக்டர் சத்தம் போட்டுக்கொண்டே வந்தார். சுடிதார் முழுக்க நனைந்தும், அதை மடியிலிருந்து இறக்க எனக்கு மனம் வரவில்லை.