குத்தாலிங்கம் தேர்ந்தெடுத்த கியர் ராடு

செத்தாலும் சிவகிரிக்குள் இடது பக்க சீட்டில் உட்கார்ந்து போவதில்லை என்று குத்தாலிங்கம் முடிவெடுத்தது ஆனி மாதக் கடைசியில், ஒரு வெள்ளிக்கிழமை, மூன்றாவது இட்லிக்கும் நாலாவது இட்லிக்கும் நடுவில்.

சட்னியை ஊற்றிக்கொண்டே முத்துச்செல்வி சொல்லியிருந்தாள்: "இந்தக் கொடைக்கு நம்ம காரை நான்தான் ஓட்டிட்டு வருவேன், பாத்துக்கிடுங்க."

சிவகிரி அவள் பிறந்த ஊர். ஆடியில் அங்கே அம்மன் கோயில் கொடைத் திருவிழா. கொடை என்றால் ஊரே தெருவில் நிற்கும். மாமனார் நிற்பார். மச்சினன் நிற்பான். மாமனாரோடு பேச்சு வார்த்தை இல்லாதவர்கள் கூட எதிர்ச்சாரியில் நிற்பார்கள். அத்தனை பேருக்கு நடுவில் பெண்டாட்டி ஸ்டியரிங்கைப் பிடிக்க, மாப்பிள்ளை பக்கத்தில் பழக்கூடையை மடியில் வைத்துக்கொண்டு போய் இறங்குவதா? அதற்குப் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போகலாம்.

கார் சாதாரணக் கார் இல்லை. ரெண்டே கதவு. மிளகாய்ப்பழச் சிவப்பு. தரையோடு தரையாகப் படுத்திருக்கிற ஸ்போர்ட்ஸ் கார். கோட்டயத்தில் ஒரு டாக்டர் ஆசையாக வைத்திருந்து, இடுப்பு வலி வந்து விற்றதை, செங்கோட்டை வழியாக இவனே ஓட்டி வந்தான். தென்காசியில் இவனுக்கு பிளைவுட் கடை. வருகிறவர்கள் பிளைவுட்டைத் தட்டிப் பார்க்காமல் காரைத் தட்டிப் பார்த்தார்கள். நாற்பத்திரண்டு வயதில் ஒரு மனுசனுக்கு வேறு என்ன வேண்டும்.

மாட்டேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. ஆனால் கல்யாணமாகிப் பதினாலு வருசத்தில் முத்துச்செல்வி முன்னால் அந்த வார்த்தை அவன் வாயிலிருந்து வந்ததில்லை. தொண்டை வரைக்கும் வரும். அங்கே வந்ததும் இருமலாகிவிடும்.

இருமினான். பிறகு, "சித்திரையில ஓட்டிப் பாத்தியே, ரெண்டாங் கியரே உனக்கு விழலயே செல்வி," என்றான்.

"விழலதான்."

"அந்த மாதிரி வண்டிக்குக் கை பழகணும்லா."

"பழகிக்கிடுதேன். கொடைக்கு இன்னும் நாளு கெடக்கு. இன்னும் ரெண்டு இட்லி வைக்கட்டா?"

அன்று மத்தியானம் கடையில் வியாபாரம் இல்லாத நேரத்தில் போனைத் திறந்தான். மனசுக்குள் இருப்பதைப் போன் எப்படித்தான் கண்டுபிடிக்குமோ, முதலில் வந்த வீடியோவே கியரைப் பற்றித்தான். ஷார்ட் ஷிஃப்டர் என்று ஒரு சாமான். காரோடு வந்த நீளக் கியர் ராடைக் கழற்றிவிட்டு இதை மாட்டிக்கொண்டால், ஒரு கியரிலிருந்து அடுத்த கியருக்குக் கை போகிற தூரம் குறையும். ரேஸ்காரர்கள் மாட்டுவார்களாம். அதில் ரொம்பக் கடுசான வகையைக் காட்டி, புதிதாக ஓட்டுகிறவர்கள் இதன் பக்கமே போக வேண்டாம் என்று வீடியோக்காரன் கையெடுத்துக் கும்பிட்டான்.

குத்தாலிங்கம் போனை மேசையில் வைத்தான். மறுபடியும் எடுத்தான். அந்த இடத்தை மட்டும் இன்னொரு தடவை ஓட்டிப் பார்த்தான். மாட்டேன் என்று இவன் சொல்ல வேண்டாம். கியர் ராடு சொல்லிக்கொள்ளும்.

இலத்தூர் ரோட்டில் மெக்கானிக் மசூது ஒர்க்ஷாப் வைத்திருந்தான். கொச்சியில் தெரிந்தவர் மூலமாக மூன்று விதமான ஷிஃப்டர் வரவழைத்துக் கொடுத்தான். ஒன்றை எடுத்துக்கொண்டு ரெண்டைத் திருப்பி அனுப்ப வேண்டும் என்று பேச்சு. பழைய கியர்பாக்ஸ் ஒன்றை மேசையில் போல்ட் போட்டு முடுக்கி, ஒவ்வொன்றாக மாட்டிக் காட்டினான்.

"இது ஒண்ணாவது, அண்ணாச்சி. தூரம் அஞ்சுல ஒரு பங்கு குறையும். அடியில ரப்பர் புஷ், அதான் மெத்துனு போகும். தள்ளிப் பாருங்க."

தள்ளினான். வெண்ணெயில் விரல் விட்ட மாதிரி போனது. குத்தாலிங்கத்தின் முகம் சுருங்கிவிட்டது.

"என்னலே, யார் வேணும்னாலும் போட்டுரலாம் போலயே."

"கியர்னா போடத்தான அண்ணாச்சி."

"அடுத்ததக் காட்டு."

"இதுல தூரம் நாலுல ஒரு பங்கு குறையும். ராடு உயரத்தக் கூட்டிக் குறைச்சுக்கிடலாம். ஓட்டுதவுக கைக்குத் தக்கன வச்சுக்கிடலாம்."

"குட்டையா இருக்கவங்களுக்கும் தோது பண்ணலாமோ?"

"பேஷா."

"கழத்து, கழத்து."

மூன்றாவதை மசூது யோசித்துத்தான் எடுத்தான். கட்டை விரல் தண்டிக்கு எஃகு ராடு. அடியில் பித்தளை புஷ். "இது தூரத்தப் பாதிக்குப் பாதி குறைச்சிரும். ஆனா ஸ்பிரிங் ரேஸ்காரனுக்கு உள்ளது. டவுனுக்குள்ள வச்சு ஓட்டுனா மணிக்கட்டு ஒரு வழியாயிரும். நான் சொல்லலன்னு இருக்கப்பிடாது."

குத்தாலிங்கம் ஒரு கையால் தள்ளினான். அசையவில்லை. காலை ஊன்றி, மூச்சைப் பிடித்துத் தள்ளினான். கதவுக்குத் தாழ்ப்பாள் விழுந்த மாதிரி 'டக்' என்று ஒரு சத்தம். அவனுக்கு அது நாதஸ்வரம் மாதிரி கேட்டது.

"பொம்பளையளால இதப் போட முடியுமா மசூது?"

மசூதுக்கு அப்போதுதான் கையில் கிரீஸ் இருப்பது ஞாபகம் வந்தது. வேஸ்ட் துணியை எடுத்து ரொம்ப நேரம் துடைத்தான். "அது பொம்பளையப் பொறுத்து அண்ணாச்சி."

மனசில் மூன்றாவதுதான். இருந்தாலும் அவளைக் கேட்டுத்தான் செய்தோம் என்று நாளைக்கு ஒரு பேச்சுக்கு இருக்கட்டும் என்று, வீட்டுக்கு வந்து போட்டோவைக் காட்டினான். முத்துச்செல்வி ஈரக்கையைச் சேலையில் துடைத்துவிட்டு மூன்றையும் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

"மொத ரெண்டுல எதையாவது மாட்டுங்க. அந்த மூணாவது மட்டும் வேண்டவே வேண்டாம்."

"ஏன், அதுக்கென்ன?"

"பாத்தாலே கடுசாத் தெரியுது. நான் எங்கன தள்ள?"

"வண்டிக்கு அதுதான் நல்லதுன்னு மசூது சொல்லுதான்."

"அவரு சொன்னா? ஓட்டப்போறது நாமள்லா. சொல்லிட்டேன், அத மட்டும் வாங்கிராதிய."

"வாங்கியாச்சே," என்றான். இருமல் வரவில்லை. அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது.

முத்துச்செல்வி ஒரு பெருமூச்சு விட்டு, "அப்ப எனக்குக் கொடைக்கு வண்டி ஓட்டக் கொடுத்துவைக்கல," என்று அடுக்களைக்குள் போய்விட்டாள். அழுகிறாளோ என்று எட்டிப் பார்த்தான். தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். துருவுகிற வேகத்தைப் பார்த்தால் வருத்தம் கொஞ்சநஞ்சமில்லை என்று தெரிந்தது. பாவமாகக்கூட இருந்தது அவனுக்கு. பாயசத்துக்குத் துருவுகிறாள் என்பதைச் சாப்பிடும்போதுதான் பார்த்தான். என்ன விசேஷம் என்று கேட்கத் தோன்றவில்லை. ரெண்டு டம்ளர் குடித்தான்.

கொடை செவ்வாய்க்கிழமை. அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, புது ராடைப் பழக்குவதற்கு ஐந்தருவி வரைக்கும் போய்வரலாம் என்று தனியாகக் கிளம்பினான். அருவிக்குக் கூட்டம் மொய்க்கிற சீசன் ஞாயிற்றுக்கிழமையில் ஐந்தருவி ரோட்டில் கார் ஓட்டிப் பழகுகிறவன் இந்த உலகத்திலேயே அவன் ஒருத்தனாகத்தான் இருக்கும்.

சாரல். முன்னால் நாற்பது வேன். பின்னால் அறுபது. ஒண்ணாங் கியர், டக். நாலு அடி. ரெண்டாங் கியர், டக். ரெண்டு அடி. பிரேக். மறுபடியும் ஒண்ணு. உடம்பெல்லாம் எண்ணெயைப் பூசிக்கொண்டு துண்டோடு நடந்து போகிறவர்கள் காரைத் தாண்டிப் போனார்கள். குளித்துவிட்டுத் திரும்பியும் வந்தார்கள். ரம்புட்டான் விற்கிற ஒருத்தர் ஜன்னலோரம் கூடவே நடந்து வந்து, "அண்ணாச்சி, வண்டி ரிப்பேரா?" என்று ஆதரவாகக் கேட்டார். நாலு கிலோமீட்டர் போகிறதுக்குள் முன்னூறு தடவையாவது கியர் மாற்றியிருப்பான். வீடு வந்து இறங்கும்போது இடது மணிக்கட்டு பணியாரம் மாதிரி உப்பியிருந்தது.

இலஞ்சி வைத்தியர் பிடித்துப் பார்த்தார். முட்டை வெள்ளைக்கருவையும் உளுந்து மாவையும் குழைத்துத் தடவி, விரல் நுனி மட்டும் தெரிகிற மாதிரி ஒரு கட்டுப் போட்டார். "ஏழு நாள் அசைக்கப்பிடாது. சாப்பிடுத கைக்கு ஒண்ணுமில்ல, கவலப்படாதிய."

"நாளக்கழிச்சுக் கொடைல்லா," என்றாள் முத்துச்செல்வி.

"பஸ்ஸுல போயிருவோம்."

"போவோம். வண்டி தெருவுல குறுக்க நிக்கி. ஓரமா மட்டும் விட்டுட்டு வாறேன்."

ஏறினாள். சீட்டை முன்னால் இழுத்தாள். ஒண்ணாங் கியர், டக். ரெண்டாங் கியர், டக். மூணு, டக். தெருமுனை வரை போய்த் திரும்பி, வாசலில் நின்றிருந்த குத்தாலிங்கத்தைத் தாண்டி, அந்தக் கடைசிக்கும் போய்த் திரும்பி வந்தாள். ஓரமாகத்தான் விட்டாள்.

செவ்வாய்க்கிழமை முத்துச்செல்வி ஓட்ட, கார் புளியங்குடியைத் தாண்டியது. பழக்கூடை குத்தாலிங்கத்தின் மடியில் இருந்தது.

"தள்ள முடியாதுன்னியே," என்றான் கடைசியில்.

"எங்க ஐயா டிராக்டர்ல ஒம்பதாப்பு படிக்கையிலயே உழுதவ நான். அதுக்கு இது பஞ்சு."

"அப்ப சித்திரையில?"

"சீட்ட முன்னால இழுத்தாத்தான் எனக்குக் கிளட்ச்சு எட்டும். இழுத்தா, ரெண்டாங் கியர் போடையில முழங்கை சீட்டு முதுகுல போயி இடிக்கும். கியர் போற தூரம் பாதியாக் குறைஞ்சாத்தான் தோதுப்படும்னு மசூதண்ணன் வைகாசியிலயே சொல்லிட்டாரு."

ஒரு லாரியை முந்தினாள். டக்.

"அந்த வீடியோ?"

"ஒரு மாசமா நான் பாத்துட்டிருந்தது. நம்ம ரெண்டு போனுக்கும் ஒரே அக்கவுண்ட்டுல்லா. எனக்கு வாறது உங்களுக்கும் வரும்."

"என்கிட்ட நேராக் கேட்டிருக்கலாம்லா செல்வி."

"கேட்டா இருமுவிய."

ஊர் எல்லையில் இறக்கிவிடு, நடந்து வருகிறேன் என்று கேட்டுப் பார்த்தான். காதில் விழாத மாதிரி மூன்றாம் கியர் போட்டாள்.

மேளச் சத்தத்துக்கு நடுவில் கார் கோயில் தெருவில் நுழைந்தது. ஊரே நின்றது. மச்சினன் விஜய்பாண்டி, "வாங்க அத்தான்," என்று ஓடி வந்து வலது கதவைத் திறந்தான். உள்ளே அக்கா. கதவைப் பிடித்தபடியே அந்தப்பக்கம் எட்டிப் பார்த்தான். பழக்கூடை. அதற்குப் பின்னால் அத்தான். மாமனார் தோளில் கிடந்த துண்டைச் சரிசெய்தபடி அருகில் வந்தார். எதிர்ச்சாரியும் ரெண்டு அடி முன்னால் வந்தது. குத்தாலிங்கம் கண்ணை மூடிக்கொண்டான்.

முத்துச்செல்வி இறங்கி, எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்: "எனக்குக் கியர் எட்டலன்னு இவிய கொச்சியில இருந்து மூணு ராடு வரவழச்சு, ஒவ்வொண்ணாத் தள்ளிப் பாத்து மாட்டி விட்டாவ. அந்த ராடப் பழக்கித் தாறேன்னு போயித்தான் கை சுளுக்கிட்டு."

விஜய்பாண்டியின் பெண்டாட்டி புருசனைத் திரும்பிப் பார்த்தாள். "நல்லாக் கேட்டுக்கிடுங்க. என் ஸ்கூட்டிக்கு ஒரு ஸ்டாண்டு மாத்தித் தாங்கன்னு ரெண்டு வருசமா கேக்கேன்."

பதினாலு வருசத்தில் அரைச் சிரிப்புக்கு மேல் சிரித்தறியாத மாமனார், வாய் கொள்ளாமல் சிரித்தபடி கட்டுப் போட்ட கையைத் தன் ரெண்டு கையாலும் ஏந்திக்கொண்டார்.

"எப்படி மாப்ள, மூணுல இதத்தான் எடுக்கணும்னு உங்களுக்குத் தோணிச்சு?"

குத்தாலிங்கம் முத்துச்செல்வியைப் பார்த்தான். அவள் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டிருந்தாள்.

"அவ கைக்கு இதுதான் சரியா வரும்னு பட்டுது, மாமா," என்றான்.